காலிப் பெட்டியில் ஒரு கோபுரம்

சோப்புத்தூள் தீர்ந்துவிட்டதா? அட்டைப் பெட்டியை அடுப்பில் போடாதீர்கள். பிரித்து விரியுங்கள்.

16 செ.மீ. நீளத்தில் மூன்று ஈர்க்குச்சிகளை ஒடியுங்கள். அட்டைமேல் முக்கோணமாக வையுங்கள். சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் புள்ளி வையுங்கள். மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். கோடுகளில் மடியுங்கள். மூன்று மூலைகளும் மேலே ஒன்றுகூடும். ஓரங்களில் தாள் பட்டை வைத்துப் பசையால் ஒட்டுங்கள்.

கையில் எடுத்து எண்ணுங்கள். முகம் 4. முனை 4. விளிம்பு 6. இதன் பெயர் நான்முகி.

இதைப்போல் நான்கு செய்யுங்கள். மூன்றை முனையோடு முனை சேர்த்துத் தரையில் வையுங்கள். அவற்றின் உச்சிகளின் மேல் நான்காவதை ஒட்டுங்கள். கோபுரம் தயார்!

பிள்ளைகள் பள்ளியில் இந்த வடிவங்களைப் படிக்கிறார்கள். ‘எனக்கு என்ன தெரியும்?’ என்று இனி ஒதுங்க வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். நீங்களே சொல்லிக்கொடுங்கள்.