கணினியின் தேதி பிறழ்ந்தால்

பழைய மேசைக் கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் சிலர், இணைய வங்கித் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கையே தோன்றுவதாக எங்களிடம் கூறுகின்றனர். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்திருந்தால், மின்சாரம் நின்றதும் கடிகாரம் பழைய தேதிக்குச் சென்றுவிடும். அத்தேதியில் தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று உலாவி தடுத்துவிடுகிறது. பின்தேதியிட்ட காசோலையை நாங்கள் ஏற்க மறுப்பது போன்றதே இதுவும்.

கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு மின்கலத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் அது சிஆர் 2032 எனும் 3 வோல்ட் வகை. கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். பின்னர் அமைப்புகளில் தானியங்கித் தேதி, நேரத்தை இயக்குங்கள்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடிக்கிறதா? அதைக் கடந்து சென்று கடவுச்சொல்லை இடவே கூடாது; தளம் போலியாக இருக்கலாம். கிளைக்குத் தெரிவியுங்கள்.