ஒரே இரவில் மூண்டதா அந்தப் போராட்டம்?

1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்து, ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். களைத்துப்போன ஒரு தையல் தொழிலாளி பொறுமை இழந்தார், மறுகணம் ஊரே பொங்கி எழுந்தது என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

அந்தக் கதையில் விடுபட்டதை எழுதியவர் சமூகவியல் பேராசிரியர் ஆல்டன் மோரிஸ். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போனவர். சிவில் உரிமைப் போராட்டத்தை நடத்தியவர்களையே தேடிச் சென்று பேட்டி கண்டு, 1984-இல் அதன் தோற்றம் பற்றி நூல் எழுதினார்.

ரோசா பார்க்ஸ் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசியில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்திருந்தார். கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, மாணவர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். பேருந்தைப் புறக்கணிப்போம் என்று அவருடைய பெண்கள் அமைப்பு 1954-இலேயே மேயரை எச்சரித்திருந்தது!

புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் வேலைக்கு எப்படிப் போனார்கள்? பலர் நடந்தார்கள். மற்றவர்களுக்காகச் சொந்தக் கார்கள் முறைவைத்து ஓடின. பெட்ரோல் செலவுக்குத் தேவாலயங்களில் காசு திரட்டினார்கள். கார் ஏற்பாட்டுக்கு முன்மாதிரி, 1953-இல் பேட்டன் ரூஜ் நகர மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு.

1960-இல் கிரீன்ஸ்பரோ உணவுக் கூடத்தில் நான்கு மாணவர்கள் எழாமல் அமர்ந்ததும் இப்படித்தான். 1958-இலேயே விச்சிட்டாவிலும் ஒக்லஹோமா சிட்டியிலும் இளைஞர்கள் அதைச் செய்து காட்டியிருந்தார்கள்.

'தானாக வெடித்தது' என்பது கேட்கப் பாராட்டு போலத்தான் இருக்கிறது. ஆனால் துண்டறிக்கை அடித்தவரும் கார் ஓட்டியவரும் அந்தச் சொல்லில் காணாமல் போகிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கோபப்படத் தெரியும், திட்டமிடத் தெரியாது என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்ப் போராட்டங்களைப் பற்றி எழுதும்போது நாமும் இந்தத் தவறைச் செய்திருக்கிறோம்.

2015-இல் வந்த அவரது இன்னொரு நூல், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் பற்றியது. அமெரிக்க அறிவியல்பூர்வ சமூகவியலுக்கு அட்லாண்டாவில் அடித்தளம் இட்டவர் அவரே, வெள்ளைக் கல்வி உலகம் அதை மறைத்துவிட்டது என்கிறார் மோரிஸ். அந்த டூபாய்ஸுக்குத்தான் 1946-இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டிருந்தார். டூபாய்ஸும் பதில் எழுதினார்.