மலர்ப் படத்தில் ஒளியும் அமைப்பும்

மலரைக் கண்டால் மகிழ்ச்சி பிறக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் மணமக்கள் தோளில் விளங்குவதும் மாலைதான். மறைந்தவர் உடல்மீது சார்த்துவதும் மாலைதான். இரண்டிலும் பூ ஒரே பூவாக இருக்கலாம். காண்பவர் உள்ளத்தில் எழும் உணர்வோ வேறு. பூவோடு இடமும் வேளையும் சூழலும் சேர்ந்தே உணர்வை உண்டாக்குகின்றன. இவ்வுண்மையை நிழற்படக் கலை மிகத் தெளிவாக விளக்குகிறது. படத்தைக் காட்டிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் பெரும் பயன் தரும்.

தமிழாசிரியர்க்கு இது முற்றிலும் புதிய கருத்தன்று. அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொல்கிறது. பூவும் புள்ளும் கருப்பொருள்கள். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் எனப் பொழுதுகள் அமைந்தன. காத்திருக்கும் தலைவியை மாலை ஒளியிலும், பிரிவின் கொடுமையை உச்சிவெயிலிலும் வைத்தனர் நம் முன்னோர். பொழுது என்பது ஒளியின் நிலையே அன்றோ? நிலம் என்பது பொருள் நிற்கும் இடமே அன்றோ? நிழற்படக் கலைஞன் ஒளி என்றும் அமைப்பு என்றும் கூறுவன இவற்றுக்கு நெருங்கிய உறவினவே.

ஒளியின் திசை

நம் பள்ளி வேலியோரத்தில் பூக்கும் செம்பருத்தியையே சான்றாகக் கொள்வோம். 1960ஆம் ஆண்டில் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்று, இன்று மலேசியாவின் தேசிய மலராக விளங்குவது அது. காலையில் விரியும் பூ பெரும்பாலும் ஒரு நாளிலேயே வாடிவிடும்.

ஞாயிறு படம் எடுப்பவரின் முதுகுப்புறம் இருந்தால் ஒளி பூவின் முகத்தில் நேரே விழும். நிறம் நன்கு தெரியும். ஆனால் நிழல்கள் பூவின் பின்னே மறைந்துவிடுவதால் உருவம் தட்டையாகத் தோன்றும். இது செய்தி சொல்லும் படம். ஒளி பக்கவாட்டில் வந்தால் இதழின் மடிப்பும் நரம்பும் நிழல் பெற்று எழுந்து நிற்கும். படத்தில் ஆழமும் ஓர் அழுத்தமும் தோன்றும். ஞாயிறு பூவுக்குப் பின்னால் இருந்தாலோ, மெல்லிய இதழை ஒளி ஊடுருவி வரும். பூ உள்ளிருந்தே எரியும் விளக்குப்போல் ஒளிரும். களிப்பும் உயிர்ப்பும் அப்படத்தில் மிகும்.

திசையைப் போலவே ஒளியின் மென்மையும் வன்மையும் கருதத்தக்கவை. ஞாயிறு வானத்தில் ஒரு சிறு வட்டமாகத் தெரிவதால் அதன் ஒளி கூரிய நிழல்களை வீழ்த்தும். மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடும். எல்லாப் புறத்திலிருந்தும் ஒளி வருவதால் நிழல் கரைந்து அமைதி தோன்றும். வெயில் வேளையில் பூவுக்கு மேலே மெல்லிய வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாலும் இதே பயன் கிடைக்கும். நம் நாடு நிலநடுக்கோட்டை அடுத்து இருப்பதால் ஞாயிறு விரைந்து மேலேறும். சாய்ந்த ஒளி காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே நிற்கும். உச்சிவேளை ஒளியில் இதழ்கள் வெளுத்தும் நிழல்கள் கறுத்தும் தோன்றுவதால் படத்தில் வெம்மையும் சோர்வுமே மேலோங்கும்.

இடமும் வெறுமையும்

இனி அமைப்பைப் பார்ப்போம். படச்சட்டத்தின் நடுவே பூவை நிறுத்தினால் நிலையான அமைதி தோன்றும். ஓரத்தில் நிறுத்தி, அது நோக்கும் பக்கத்தில் இடம் விட்டால் எதிர்பார்ப்புத் தோன்றும். அதே பூவைக் கீழ்மூலையில் சிறியதாக வைத்து மேலே பரந்த வெறுமையை விட்டால் தனிமை வந்து சேரும். கருவியைத் தாழ்த்தி வானத்தைப் பின்னணியாக்கினால் சிறு பூவும் பெருமிதம் கொள்ளும். இருண்ட பின்னணியில் பூ தனித்து நிற்கும். இலையும் கொடியும் நெருங்கிய பின்னணியில் தன் கூட்டத்தோடு கலந்துவிடும்.

இரு கலைஞர்களை இங்கு நினைத்தல் பொருந்தும். செருமனி நாட்டவரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) பெர்லின் கலைப்பள்ளி ஒன்றின் ஆசிரியர். செடிகளின் வடிவத்தை மாணவர்க்குக் கற்பிக்கவே அவர் படம் எடுத்தார். வெறுமையான பின்னணி, சீரான ஒளி, பன்மடங்கு பெரிதாக்கிய உருவம் என்பன அவர் முறை. 1928இல் நூலாக வெளிவந்த அப்படங்களில் மொட்டும் தளிரும் சிற்பம்போல் நிற்கின்றன; வியப்பு உண்டு, உருக்கம் இல்லை. அமெரிக்கப் பெண்மணியான இமோஜன் கன்னிங்காம் (1883–1976) 1925இல் எடுத்த மக்னோலியாப் பூவின் படமோ வேறுவகை. பூவை மிக நெருங்கிச் சட்டம் நிறைய வைத்து, வெண்மைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட மெல்லிய படிகளால் இதழ்களைக் காட்டினார். காண்பவர் பூவுக்குள்ளேயே நின்று பார்ப்பதுபோன்ற நெருக்கம் அதில் பிறக்கிறது. இருவருமே நிறமில்லாப் படம் எடுத்தவர்கள் என்பது நோக்கத்தக்கது. நிறத்தின் துணையின்றியே ஒளியும் அமைப்பும் உணர்வைத் தரும் என்பதற்கு இவை சான்று.

வகுப்பறையில்

படத்தைக் காட்டி எழுதச் சொன்னால் மாணவர் பலர், "மலர் அழகாக இருக்கிறது" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். சொல்வளம் குறைவு என்று நாம் சொல்லிப் பட்டியலை மனப்பாடம் செய்விக்கிறோம். குறை பார்வையிலும் இருக்கலாம் அல்லவா? கண் காணாததைக் கை எவ்வாறு எழுதும்?

ஆகவே ஆசிரியர் ஒரே செம்பருத்தியைக் காலையிலும் உச்சியிலும் மாலையிலும் கைத்தொலைபேசியால் படம் எடுத்து வகுப்பில் வைக்கலாம். கருவி தானாக ஒளியை அளக்கும்போது காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்திற்குக் கொண்டுவர முயலும். அதனால் இருண்ட பின்னணியில் உள்ள பூ வெளிறிப்போகும். திரையில் பூவைத் தொட்டு ஒளியளவைச் சற்றுக் குறைத்தால் அது சீராகும். பிறகு மூன்று கேள்விகள் போதும். ஒளி எங்கிருந்து வருகிறது? பூ எங்கே நிற்கிறது? எந்த இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது? இவற்றுக்கு விடை தேடும் மாணவன், "பூ தனியாக வாடுகிறது" என்று எழுதினால், ஏன் அவ்வாறு தோன்றியது என்பதற்கும் படத்திலிருந்தே காரணம் காட்டுவான்.

இப்பயிற்சியின் பயன் கட்டுரையோடு முடிவதன்று. இதே ஒளியையும் இதே அமைப்பையும் கொண்டுதான் விளம்பரப் படம் நம்மைக் கடைக்கு அழைக்கிறது. செய்திப்படம் ஒருவரைப் பெரியவராகவும் மற்றொருவரைச் சிறியவராகவும் காட்டுகிறது. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கு நின்று, எவ்வேளையில், எதனை விலக்கி எடுப்பது என்பதை ஒருவர் முடிவு செய்திருக்கிறார். செம்பருத்தியிடம் அம்மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை எந்தப் படத்தின் முன்னும் உணர்ச்சிவயப்படுவதற்கு முன் ஒருகணம் நின்று எண்ணும். அவ்வாறு எண்ணிப் பார்க்கும் ஆற்றலை வளர்ப்பதும் மொழிப்பாடத்தின் கடமையே ஆகும்.