பதம் பார்க்கும் கேமரா

சமையல் குறிப்பில் அளவை எழுதுவது சுலபம். அரை ஆழாக்கு துவரம்பருப்பு, எலுமிச்சை அளவு புளி என்று எழுதிவிடலாம். பதத்தை எழுதுவதுதான் பெரும்பாடு. பச்சை வாசனை போக வதக்கு என்பார்கள், பொன்னிறமாகப் பொரி என்பார்கள், எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்கு என்பார்கள். பொன்னிறம் என்றால் எவ்வளவு சிவக்க வேண்டும், எண்ணெய் ஓரத்தில் கசிந்தால் போதுமா மேலே மிதக்க வேண்டுமா என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே விளங்கும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. புதுக்குடித்தனம் போகும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்து எடுத்துப்போன புத்தகம். அதை வைத்துச் சமைத்தவர்களும் பதத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்தால் அதற்குமேல் முடியாது.

கையிலிருக்கும் ஃபோன் கேமரா இந்தக் குறையில் பாதியைத் தீர்த்துவைக்கும். சமைத்து முடித்ததை அலங்கரித்துப் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டுவது நல்ல பொழுதுபோக்குதான். அதோடு நிற்காமல், அடுப்பில் நடப்பதையும் படம் எடுத்துவைத்து அடுத்த முறை அதைப் பார்த்துச் சமைத்தால் கைப்பக்குவம் கூடும். படமும் தேறும், சமையலும் தேறும்.

ஃபிலிம் காலத்தில் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு சுருளுக்கு 36 படம், கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்கச் சில நாள். கல்யாணத்தையே எண்ணி எண்ணி எடுத்தவர்கள் வெங்காயம் வதங்குவதையா எடுப்பார்கள்? 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதற்குள் கடுகு வெடித்து அடங்கிவிடும். இன்றோ எடுத்த படம் அந்த நொடியே தெரிகிறது, காசும் செலவில்லை. பிடிக்காவிட்டால் இன்னொன்று.

படக்கலையில் முதலில் பழக வேண்டியது வெளிச்சம். நம் வீட்டுச் சமையலறைகளில் ட்யூப்லைட் பெரும்பாலும் தலைக்கு மேலே அல்லது முதுகுக்குப் பின்னால் இருக்கும். சமைப்பவரின் நிழல் நேராக வாணலிக்குள் விழும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு விளக்கின் நிறமும் வேறு. வெள்ளை ட்யூப்லைட் சுமார் 6500 கெல்வின், நீலம் கலந்தது. மஞ்சள் பல்பு சுமார் 2700. ஜன்னல் வழி வரும் பகல் வெளிச்சம் சுமார் 5500. நம் கண் இதையெல்லாம் தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தைத்தான் சரிக்கட்டும். ஆகவே ஜன்னலும் விளக்கும் கலந்த இடத்தில் எடுத்தால், இட்லியின் ஒரு பக்கம் நீலம் பாரித்தும் மறுபக்கம் மஞ்சள் தட்டியும் இருக்கும். அதைப் பிறகு ஆப்பில் போட்டுத் திருத்துவது தலைவலி. விளக்கை அணைத்துவிட்டுத் தட்டை ஜன்னலோரம் கொண்டுபோவது சுலபம்.

எந்த ஜன்னல்? வடக்கு ஜன்னலில்தான் மென்மையான வெளிச்சம் என்று ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்கள் அடித்துச் சொல்லும். நமக்கு அது ஆண்டு முழுக்கச் செல்லாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். கன்னியாகுமரியில் இது இன்னும் முன்னதாகத் தொடங்கி இன்னும் தாமதமாக முடியும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள். நேர்வெயில் விழுகிற ஜன்னல்தான் இருக்கிறது என்றால் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் குறுக்கே கட்டுங்கள். வெயில் பரவி மெத்தென்று இறங்கும். தட்டின் நிழல் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் அங்கேயும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். இந்த இரண்டுக்கு மேல் ஸ்டூடியோச் சாமான் எதுவும் வீட்டுச் சமையலுக்குத் தேவையில்லை.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பண்டத்தின் உயிர் இருக்கிறது. கேமரா பக்கமிருந்து நேராக அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் சமமாகிவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த தோசை அட்டைபோல் கிடப்பது இதனால்தான். பக்கவாட்டிலிருந்து வந்தால் தோசையின் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்து மொறுமொறுப்பு கண்ணுக்கே தெரியும். சாம்பார், ரசம், பாயசம் போன்றவற்றுக்கு வெளிச்சம் பண்டத்துக்குப் பின்னாலிருந்து வரட்டும், மேற்பரப்பு மினுங்கும். ஆவி பறப்பதை எடுக்கவும் இதே வழிதான். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய பிறகே வெண்மையாகத் தெரிகிறது. அந்தத் துளிகள் தம்மீது விழும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே சிதறவிடும். எனவே ஜன்னல் பின்னால், அதற்கு முன்னே இருண்ட பின்னணி, நடுவில் தட்டு என்று வைத்தால் ஆவி எழுந்து நிற்கும். முன்னால் ஃபிளாஷ் போட்டால் காணாமல் போகும்.

வெள்ளைப் பண்டங்கள் கேமராவை ஏமாற்றும். தனக்கு முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே கேமரா வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. இட்லி, ஆப்பம், தயிர்சாதம் படம் முழுக்க நிரம்பியிருந்தால், வெளிச்சம் கூடிவிட்டதென்று நினைத்துக் குறைத்துவிடும். மல்லிகைப்பூப் போன்ற இட்லி அழுக்கு வெள்ளையாகத் தெரியும். கேமராவில் எக்ஸ்போஷரை பிளஸ் 1 அளவுக்கு ஏற்றுங்கள். ஃபோனில் திரையை இட்லிமேல் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். வத்தக்குழம்புக்கும் எள்ளுருண்டைக்கும் நேர்மாறு: கேமரா அளவுக்கு மீறி வெளுக்கவைக்கும், நீங்கள் குறைக்க வேண்டும். காரச் சட்னியும் பீட்ரூட் பொரியலும் இன்னொரு வகைத் தொல்லை. 1976இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வடிகட்டி முறையைத்தான் பெரும்பாலான கேமராக்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அதில் 4 புள்ளிகளுக்கு 2 பச்சை, 1 சிவப்பு, 1 நீலம். படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அந்தக் கால்பங்குப் புள்ளிகளே எல்லா வேலையையும் செய்ய வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அவை நிரம்பி வழிந்துவிடும். சட்னியின் திப்பியும் தாளித்த மிளகாயின் சுருக்கமும் அழிந்து, வெறும் சிவப்புத் திட்டுதான் மிஞ்சும். எக்ஸ்போஷரை மைனஸ் அரை அளவுக்குக் குறைத்தே எடுங்கள்.

கோணத்தில் குழம்ப அதிகமில்லை. இலைச்சாப்பாட்டை நேர் மேலேயிருந்து எடுக்கலாம். அப்போது இலைநுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்கட்டும், தலைகீழாக வைத்த இலையை நம்மூர்க் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கிண்ணத்தில் இருப்பதைச் சாய்வாகவும், அடுக்கி வைத்ததைத் தாழ்வாகவும் எடுங்கள். ஃபோனை மிக நெருக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். அதன் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது, அருகே போனால் தட்டின் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். ஓரடி பின்வாங்கி 2 மடங்கு ஜூம் வைத்தால் வடிவம் சரியாக இருக்கும். போர்ட்ரெய்ட் மோடு கறிவேப்பிலை ஓரங்களையும் ஆவியையும் கண்டபடி வெட்டித் தள்ளும், அதை மனிதர்களுக்கே விட்டுவிடலாம். எவர்சில்வர் தட்டில் மின்விசிறி, ஜன்னல் கம்பி, உங்கள் முகம் எல்லாம் தெரியும். மண்சட்டியும் வாழையிலையும் பளபளப்பில்லாத பீங்கானும் படத்துக்கு நல்லவை.

இவ்வளவும் தட்டில் பரிமாறிய பிறகு எடுக்கும் படங்களுக்கு. அடுப்படிப் படங்களுக்கு அழகு வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும். வாணலியை ஜன்னலுக்குத் தூக்கிப் போக முடியாதல்லவா? எப்போதும் ஒரே விளக்கைப் போடுங்கள், ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் நிலையாக வையுங்கள், படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் விளிம்பு தெரியட்டும். அந்த வெள்ளை ஒவ்வொரு படத்திலும் ஒரே வெள்ளையாக இருந்தால், போன மாதப் பொன்னிறத்தையும் இன்றைய பொன்னிறத்தையும் தைரியமாக ஒப்பிடலாம்.

வெங்காயத்திலிருந்து தொடங்குங்கள். போட்டவுடன் ஒரு படம், கண்ணாடிபோல் ஆனதும் ஒன்று, ஓரம் சிவக்கும்போது, பொன்னிறத்தில், பழுப்பில். முதல் கட்டங்கள் மெதுவாகவும் கடைசிக் கட்டங்கள் சடசடவென்றும் போவது படங்களில் தெரியும். அதற்குக் காரணம் உண்டு. வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். லூயி காமிய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த சிவக்கும் வினை வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரம் வற்றிய பிறகே அந்தச் சூட்டை எட்டும். தக்காளியைச் சீக்கிரம் போட்டுவிட்டால் ஈரம் மறுபடி சேர்ந்துவிடும், வெங்காயம் பிறகு சிவக்காது. ஒரு முறை படமாகப் பார்த்தவர் தக்காளிக்கு அவசரப்பட மாட்டார்.

கீரையில் இன்னும் துலக்கமாகத் தெரியும். பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணு உண்டு. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது வெளியேறி, பச்சை மங்கி, காக்கி நிறம் வந்துவிடும். கீரையிலேயே இருக்கும் அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடக்கூடியது. கீரையை மூடாமல் வேகவை என்று வீட்டில் சொல்வதற்கு இந்த வேதியியல் துணை நிற்கிறது. ஒரே கட்டுக் கீரையை இரண்டாகப் பிரித்து, மூடி ஒன்று, மூடாமல் ஒன்று வேகவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் படம் எடுத்துப் பாருங்கள். புளி சேர்க்கும் கீரையென்றால் வெந்த பிறகே புளியைச் சேர்க்கத் தோன்றும்.

டிஜிட்டல் படத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் எடுத்த நேரம் நொடிக்கணக்கில் எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கும். புளிக்கரைசல் ஊற்றியபோது ஒரு படம், குழம்பில் எண்ணெய் பிரிந்தபோது ஒரு படம் எடுத்தால், எவ்வளவு நேரம் கொதித்தது என்பது தானாகவே குறிப்பாகிவிட்டது. கடிகாரம் பார்த்து எழுதிவைக்கும் பொறுமை சமைக்கும்போது யாருக்கும் வராது.

மாவு பொங்குவதற்கும் இது அருமையாக உதவும். இட்லி மாவில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். ஃபோனைச் சார்ஜில் போட்டு டைம்லாப்ஸ் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். எந்த மணிக்கு ஏறத் தொடங்கியது, எப்போது உச்சிக்குப் போய் அமுங்கியது என்பது காலையில் தெரியும். சென்னையின் மே மாதத்துக்கும் ஊட்டியின் டிசம்பருக்கும் ஒரே கணக்குச் சொல்லும் குறிப்பை அதற்குப் பிறகு நம்ப மாட்டீர்கள்.

கேமராவால் ஆகாததும் உண்டு. வாசனையும் உப்பும் படத்தில் வராது. அதிரசப் பாகு சரியாக வந்ததா என்று தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் விரலுக்குத்தான் தெரியும். அதை வீடியோவாக எடுத்தால், உருட்டும்போது எப்படித் திரண்டு வருகிறது என்பதாவது கிடைக்கும். மீதியை ஆல்பத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். பண்டத்துக்கு ஒரு ஆல்பம் போதும், அதற்கு மேல் அடுக்கத் தொடங்கினால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

சில எச்சரிக்கைகள். தாளிப்பு ஆவியில் லென்ஸ்மேல் எண்ணெய்ப் படலம் படியும், படம் பனிமூட்டமாக இருந்தால் முதலில் பருத்தித் துணியால் லென்ஸைத் துடையுங்கள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் ஃபோன் என்று கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே குனியவே கூடாது. தோசையும் வடையும் எடுத்த சில நிமிடங்களில் நமுத்துவிடும். ஆகவே காலித் தட்டை வைத்துக் கோணம், வெளிச்சம் எல்லாம் சரிபார்த்துவிட்டுப் பிறகு பண்டத்தைக் கொண்டுவாருங்கள். விருந்தாளி இலைமுன் உட்கார்ந்த பிறகு படம் எடுப்பது, எத்தனை நல்ல படமாக இருந்தாலும், மரியாதைக் குறைவு.

புதுக் கேமரா வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். சில வருடம் பழைய ஃபோனே இதற்கெல்லாம் போதும். கையில் பணம் இருந்தால் ஒரு சின்ன ட்ரைபாடும் ஒரு கிச்சன் தராசும் வாங்குங்கள். ட்ரைபாடு ஃபோனைப் பிடித்துக்கொள்ளும், கை இரண்டும் சமையலுக்கு மிஞ்சும். தராசில் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, வீட்டில் நன்றாகச் சமைப்பவரை வழக்கம்போல் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிடிக்கும் தராசின் எண்ணைப் படம் எடுங்கள். “எல்லாம் ஒரு கண்ணளவுதான்” என்று சொல்பவரின் அளவு, கிராம் கணக்கில் உங்கள் ஆல்பத்தில் இருக்கும்.