கேம்பர் வேனும் காட்டுவழிச் சக்கரங்களும்

உறைவிடத்தையும் அடுக்களையையும் தன்னகத்தே கொண்டு ஊர்ந்து செல்லும் மோட்டார் வண்டியைக் கேம்பர் வேன் என்பர். ஜெர்மனி தேசத்து வோக்ஸ்வாகன் கம்பெனியார் 1950-ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கிய சிறு வேனை, அதற்கடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்பாலியா என்னுந் தொழிற்சாலையார், பிரயாணிகள் உறங்கவும் உண்ணவும் ஏற்றவாறு பேழைகளும் இருக்கைகளும் பொருத்தி விற்கலாயினர். அன்று சிறிதாய்த் தோன்றிய அவ்வழக்கம் இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருவழக்காய்விட்டது. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், போர்டு டிரான்சிட், பியட் டுகாட்டோ முதலிய சரக்கு வேன்களை வாங்கி, அவற்றினுள்ளே கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர்சுற்றுவோர் அங்கே பலர்.

அவருட் பலர்க்கு அண்மைக்காலத்தே ஓர் ஆர்வம் மிகுந்துள்ளது. வேனோடு வந்த சாதாரணச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கரிய நிறமுள்ள அகன்ற ரிம்களையும், பாறையிலும் சேற்றிலும் ஏறவல்லவைபோல் முரட்டுக் கட்டிகள் புடைத்துநிற்கும் டயர்களையும் மாட்டிக்கொள்வதே அது. அவை பார்வைக்குக் கம்பீரமானவை என்பதில் ஐயமில்லை. கண்ணுக்கினியதை நாடுதல் குற்றமுமன்று. தேருக்குச் சீலை கட்டி அழகுபாராத ஊர் உண்டோ? ஆயினும், சீலை தேரைத் தாங்குவதில்லை. சக்கரமோ வண்டியையும் அதனுள் அமர்ந்த தாய் தந்தை மக்களையும் தாங்குகின்றது. ஒவ்வொரு டயரும் நிலத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தின் அட்டையளவே. மூன்றரை டன் எடையுள்ள வேன் ஒன்று மழையில் நனைந்த சாலையில் நிற்பதும், திரும்புவதும், வழுக்குவதும் அந்த நான்கு அட்டைகளின் செயலே. ஆதலின், அழகை விரும்புவோரும் சில செய்திகளை முன்னே ஆராய்ந்து, அழகைப் பின்னே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

முதற்கண் டயரின் பக்கச்சுவரிற் பொறித்திருக்கும் எழுத்துக்களைப் படிக்கக் கற்றல் அவசியம். '235/65 ஆர் 16 சி 115/113 ஆர்' என்று ஒரு ஸ்பிரின்டர் டயரில் எழுதியிருப்பின், அதன் அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. முதலில் வரும் 'ஆர்' என்பது ரேடியல் முறையிற் கட்டப்பட்டதென்பதையும், 16 என்பது ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்பதையும் உணர்த்தும். 'சி' என்பது சரக்கு வண்டிக்குரிய உறுதியான கட்டுடையது என்பதன் அடையாளம். ஈற்றிலுள்ள 'ஆர்' மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தின் எல்லையைக் குறிக்கும். இடையில் நிற்கும் 115, 113 என்னும் எண்களைத்தாம் அழகை நாடிக் கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவையே உயிர்நிலை.

115 என்பது பாரக் குறியெண். அது 115 கிலோகிராம் என்று பொருள்படாது. ஓர் அட்டவணையின் வரிசையெண்ணே அது. அவ்வட்டவணைப்படி 115-க்கு 1215 கிலோகிராம், 109-க்கு 1030, 121-க்கு 1450. கோட்டிற்குப் பின்னுள்ள எண், ஒரே பக்கத்தில் இரட்டைச் சக்கரம் பூட்டும்போது ஒவ்வொரு டயரும் சுமக்கக்கூடியதைக் குறிப்பதாகும். இனிக் கணக்குப் பார்ப்போம். ஒரு வேனின் பின் அச்சு 2250 கிலோகிராம் வரை தாங்கலாமென்று அதன் தகட்டில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். பாதி 1125. 115 எண்ணுள்ள டயர் அதனைத் தாங்கி மேலும் சிறிது மிச்சம் வைக்கும். 109 எண்ணுள்ளதோ, தோற்றத்தால் எவ்வளவு முரடாயிருப்பினும், இரண்டுஞ் சேர்ந்து 2060 கிலோகிராமையே தாங்கும். கார்களுக்கென்றே செய்யப்பட்டுக் காட்டுவழிக் கோலம் பூண்ட டயர்கள் பல இவ்வாறு எண்ணிற் குறைந்தவை.

சரக்கு வேன் ஒன்று காலையிற் சுமையேற்றி மாலையில் இறக்கிவிடும். அதன் டயர்களுக்கு இளைப்பாறும் நேரம் உண்டு. கேம்பர் வேனோ கட்டிலையும் பேழையையும் மின்கலத்தையும் எந்நாளும் சுமந்தே நிற்பது. தெருவோரத்தில் உறங்கும்போதும் அதற்குச் சுமையிறக்கம் இல்லை. 100 லிட்டர் நீர் 100 கிலோகிராம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆகவே, தொட்டியில் நீரும் எண்ணெயும் நிரப்பி, போகவேண்டிய எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தபிறகே டயர் வாங்கச் செல்லவேண்டும் என்பது என் கருத்து. பாரக்குறைவான டயர் காட்டில் வெடிப்பதில்லை என்பதுதான் இதில் வஞ்சனை. கோடையில் நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போது, அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்குமேல் வளைந்து நிமிர்ந்து, உள்ளே வெப்பம் ஏறி, நார்ப்படலங்கள் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, அப்போதே வெடிக்கின்றது.

ஐரோப்பாவில் இத்தகைய வண்டிகளுக்கென்றே 'சி.பி.' என்னும் குறியுடைய டயர்கள் உள. நெடுநாள் ஒரே பாரத்தைச் சுமந்து நிற்றற்கும், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 80 பவுண்டு வரை காற்றடித்தற்கும் ஏற்ற கட்டுடையவை அவை. அமெரிக்காவில் 'எல்.டி.' என்னும் குறியுடைய சிறு லாரி டயர்கள் வழக்கில் உள்ளன; முரட்டு வகைகள் பல இக்குறியுடன் கிடைத்தலின், காட்டுவழிக் கோலத்தை விரும்பும் கேம்பர் வேன்காரர்க்கு அவை ஏற்றன. ஆனால், எல்.டி. டயர் அதே பாரத்தைச் சுமக்க அதிகக் காற்று வேண்டும். பழைய டயருக்கு அடித்த அளவையே அதற்கும் அடித்தல் கூடாது.

நிற்க. தரைபடும் முகத்தின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறுவோம். நெடுஞ்சாலைக்குரியது, எவ்வகை நிலத்துக்கும் பொதுவானது, சேற்றுக்குரியது என மூவகை சொல்லப்படும். இடைப்பட்ட பொதுவகையை பி. எப். குட்ரிச் கம்பெனியார் 1976-இல் ரேடியல் முறையிற் செய்து வெளியிட்டதிலிருந்து அது பெரும்புகழ் எய்தியது. சேற்று டயரைக் கேம்பர் வேனுக்கு நான் பரிந்துரையேன். அதன் கட்டிகளுக்கிடையே அகன்ற பள்ளங்கள் இருத்தலின் தார்ச்சாலையிற் படும் ரப்பர் குறைவு. நனைந்த சாலையில் நிற்கும் தூரம் நீளும். எண்ணெய்ச் செலவும் இரைச்சலும் மிகும். வீட்டையே கூடக்கொண்டு செல்வோர்க்கு இரைச்சல் சிறு துன்பமன்று.

கேம்பர் வேன்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பாலைவனத்திலும் அன்று, பாறையிலும் அன்று. கூடாரமிடும் மைதானத்தின் ஈரப்புல்லிலேயே! டுகாட்டோ போன்று முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வேனில், சுமையெல்லாம் பின்னே கிடத்தலால் இழுக்கும் சக்கரங்கள் இலேசாகி, மழைபெய்த மறுநாட் காலையில் அவ்விடத்திலேயே சுழன்று நிற்கும். நெடுஞ்சாலை டயரின் நுண்பள்ளங்கள் சேற்றால் அடைபட்டு வழவழப்பாகிவிடும். இதற்குப் பொதுவகை டயர் மெய்யாகவே உதவுகின்றது. குளிர்நாடுகளுக்குச் செல்வோர், மூன்று சிகரமுள்ள மலையும் அதனுட் பனித்துகளும் பொறித்த அடையாளம் டயரில் உள்ளதா என்று பார்த்து வாங்கவேண்டும். ஜெர்மனியில் உறைபனிக் காலத்துச் சாலைகளில், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களுக்குப் பின்னர், 'எம் + எஸ்' என்னும் எழுத்து மட்டுமுள்ள பழைய டயர்கள் செல்லா. டயர் எத்துணைச் சிறந்ததாயினும் அது நாற்சக்கர இயக்கத்திற்கு ஈடாகாது என்பதையும் கூறவேண்டும். ஐஸ்லாந்தின் மலைநாட்டில் 'எப்' என்னும் எழுத்தால் குறிக்கப்பட்ட சாலைகளில் நாற்சக்கரமும் இயங்கும் வண்டியன்றிப் பிறவற்றைச் சட்டமே தடுக்கின்றது.

அளவைப் பெரிதாக்குவோர் மிகுதி. மேற்கூறிய 235/65 ஆர் 16 டயரின் முழுவிட்டம் 712 மில்லிமீட்டர். 245/75 ஆர் 16-இன் விட்டம் 774. வேறுபாடு 62, அதிற் பாதியாகிய 31 மில்லிமீட்டரே தரையினின்று வண்டி உயர்வது. இவ்வுயர்வுக்கு விலையுண்டு. வேகமானி 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 65-ஐத் தாண்டும். ஐரோப்பிய விதியோ வேகமானி உண்மையினுங் குறைத்துக் காட்டலாகாது என்பது. பிரேக்கின் பிடியும் அவ்வளவில் தளரும். மேட்டில் ஏற என்ஜின் திணறும். வோக்ஸ்வாகனார் 1980-களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டையர் தொழிற்சாலையைக்கொண்டு 'சிங்க்ரோ' என்னும் நாற்சக்கர இயக்கமுள்ள வேனைச் செய்வித்தபோது, 14 அங்குலச் சக்கரத்தோடு 16 அங்குலச் சக்கரமுள்ள வகையொன்றும் வெளியிட்டனர். சக்கரத்தை இரண்டங்குலம் பெரிதாக்குதற்காக உடற்சட்டத்தை உறுதிப்படுத்தி, சக்கரக் குடைவுகளை விரித்து, பிரேக்கையும் வலிமையாக்கினர். செய்தவர்களே இவ்வளவு செய்யவேண்டியிருந்ததை, வாங்கியவர் ஒரு பிற்பகலில் நட்டுகளைக் கழற்றி முடித்துவிட எண்ணுதல் பொருந்துமோ?

மற்றொன்று. காட்டுவழித் தோற்றத்திற்காக 18 அங்குல ரிம்மை நாடுவோர் உளர். கல்லுங்குழியும் நிறைந்த வழிக்கு வேண்டுவது பெரிய ரிம்மன்று, உயர்ந்த பக்கச்சுவரே. 255/55 ஆர் 18-இன் பக்கச்சுவர் 140 மில்லிமீட்டர். 245/70 ஆர் 16-இன் பக்கச்சுவர் 171. முழுவிட்டத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் கல்லில் மோதும்போது பின்னது நெளிந்து கொடுக்கும். முன்னதில் அடி ரிம்மிலேயே விழும். எஃகு ரிம் அடிபட்டாற் கோணும், சம்மட்டியால் ஒருவாறு நிமிர்த்தி ஊர்போய்ச் சேரலாம். அலாய் ரிம் பலமாய் அடிபட்டாற் கீறிவிடவுங் கூடும். சிறிய ரிம் பிரேக்கின் மேல் இடிக்காமற் சுழல்கின்றதா என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

ரிம் வாங்குவதில் போல்ட்டுத் துளைகளின் கணக்கு முதலாவது. ஸ்பிரின்டருக்கு ஆறு துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர். டிரான்சிட்டுக்கு ஐந்து துளை, 160. வோக்ஸ்வாகனின் டி5, டி6 வேன்களுக்கு ஐந்து துளை, 120. டுகாட்டோவிலோ இலகுவகைக்கு 118, கனவகைக்கு 130 என ஒரே பெயருக்குள் இரண்டு. துளை ஒத்தாலும் போல்ட்டின் தலை உட்காரும் குழி ஒக்கவேண்டும்: வோக்ஸ்வாகனின் சொந்த ரிம்மில் அது உருண்டை வடிவம், பிறர் செய்து விற்கும் ரிம்களிற் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் முடுக்கினால், ஓட ஓடத் தளர்ந்துபோகும். ரிம்மின் பின்புறத்தில் அது தாங்கும் பாரமும் வார்க்கப்பட்டிருக்கும். டயரின் எண்ணைப் பார்த்த கண்ணால் அதனையும் பார்த்தல் வேண்டும்.

இனி, ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்பது. ஸ்பிரின்டரின் சாதாரண ரிம் ஆறரை அங்குல அகலமும் 62 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் உடையது. அஃதாவது, ஹப்பின்மேற் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டுக்கு வெளியே 62 மில்லிமீட்டரில் உள்ளது. அதற்குப் பதிலாக எட்டங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைப் பூட்டினால், வெளிவிளிம்பு 36 மில்லிமீட்டர் வெளிவரும். பார்வைக்கு அகன்ற மார்புடைய மல்லனைப்போல் இருக்கும். ஆயின் சேறும் கல்லும் பக்கத்திலே தெறிக்கும், ஹப்பின் பேரிங்கிற்கு நெம்புகோல் நீளும். ஜெர்மனியில் உரிய பரிசோதனையின்றி இம்மாற்றஞ் செய்த வண்டி சாலையில் ஓடும் உரிமையை இழக்கும். இங்கிலாந்தில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியாதவர், விபத்து நேர்ந்த அன்று அதன் பயனை அறிவர்.

கேம்பர் வேனின் டயர் தேய்ந்து சாவதில்லை; முதிர்ந்து சாகின்றது. ஆண்டிற் பல மாதம் வெயிலில் நின்றே கழிப்பதால் முகம் புதிதாயிருக்கவே ரப்பர் இறுகிப் பக்கச்சுவர் வெடிக்கும். பக்கச்சுவரில் '3523' என்று நான்கு இலக்கம் இருந்தால், அது 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்திற் பிறந்தது. மலிவென்று பழைய டயரோடு ரிம் வாங்குவோர் முதலில் இந்நான்கு இலக்கத்தைத் தேடுக. இங்கிலாந்தில் லாரி, பஸ் இவற்றின் முன் அச்சில் பத்தாண்டு கடந்த டயரை 2021 பிப்ரவரி முதல் தடுத்துள்ளனர். கேம்பர் வேனுக்கு அவ்விதி இல்லையாயினும், ரப்பருக்கு அவ்வேறுபாடு தெரியாது.

நான்கு சக்கரம் மாற்றுவோர் ஐந்தாவதை மறத்தலும் உண்டு. நம்மவர் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோமே, அப்பெயர் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்துத் தெரு ஒன்றின் பெயர்; அத்தெருவில் டேவிஸ் சகோதரர் 1904-ஆம் ஆண்டளவில் அத்தகைய சக்கரத்தைச் செய்து விற்றனர். தமிழ் பயில்வோர்க்கு இதனினும் பழையது ஒன்று நினைவுக்கு வரும். உமணர் தம் உப்பு வண்டியின் அடியிற் சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியுள்ளார். ஸ்பிரின்டரிலும் மாற்றுச் சக்கரம் அடியிலேயே தொங்குகின்றது! பெரிதாக்கிய டயர் அவ்விடத்திற் கொள்ளுமா, கொள்ளாதாயின் எங்கே மாட்டுவது, ஜாக்கி அவ்வுயரத்திற்கு எட்டுமா என்பவற்றை வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பார்த்தல் நலம்.

புதுச்சக்கரம் பூட்டியபின் நட்டுகளை அளவறிந்து முடுக்கும் ஸ்பானரால் முடுக்கி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டுஞ் சோதிக்கவேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிப் ரிவர் ரோடு என்னும் 660 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் நெடுந்தூரம் சரளையும் அலையலையான மேடுபள்ளமுமே. அத்தகைய வழியிற் காற்றைச் சிறிது குறைத்து மெல்லச் சென்றால் டயரும் வேனும் பிழைக்கும். மணலில் இன்னும் குறைத்தால் டயர் நிலத்தில் நீண்டு படிந்து புதையாமற் செல்லும். ஆனால் காற்றைக் குறைப்போரிடம் அதனைத் திரும்ப அடிக்கும் சிறு கம்ப்ரஸரும் அளவுகருவியும் இருத்தல் வேண்டும். தார்ச்சாலை ஏறுமுன் வண்டியை ஓரமாய் நிறுத்தி, பழைய அளவுக்குக் காற்றை நிரப்புதல் கால்மணி நேர வேலை; நிரப்பாமல் விரைந்தோடிய டயரின் உள்நார்கள் வெந்துகிடப்பதை வெளியே நின்று பார்ப்பவர் காணமாட்டார்.