பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளைகளும் ஒரே கூரையில்: பிள்ளை பார்ப்பவர்கள் அறிய வேண்டியவை

மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளி வேன் வந்து நிற்கிறது. கிள்ளானில் ஒரு தாமானில் பிள்ளை பார்த்து வரும் அந்த அக்கா, கூடத்தில் விளையாடும் இரண்டு வயதுக் குழந்தைகளை முதலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கிறார். அதன் பிறகுதான் கிரில் கதவைத் திறக்கிறார். இறங்கி வருபவன் 11 வயதுப் பையன். ஆட்டிசம், பேச்சு வராது. உள்ளே ஓடி வரும் வேகத்தில் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டான்.

“அவன் அடிக்கிற பிள்ளை இல்லம்மா. வேகந்தான்,” என்றார் அக்கா. ஆனால், அவன் வந்த முதல் வாரத்திலேயே ஒரு குழந்தை விழுந்து உதடு கிழிந்தது. அந்தக் குழந்தையின் தாயார் மறுநாளே பிள்ளையை நிறுத்திவிட்டார். பையனை அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார் அக்கா. அனுப்பினால் அவனுடைய அம்மா தொழிற்சாலை வேலையை விட வேண்டும். கடைசியில் 60 ரிங்கிட் செலவில் ஒரு மரத்தடுப்பு வாங்கிப் போட்டார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். அங்கே பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை எல்லாம் ஒரே தூளி வரிசைக்கு அருகில்தான் கிடந்தார்கள். அதை அழகான காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அங்கே யாரும் எண்ணவில்லை. ஆனாலும், கேட்டால் எடுத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. இன்று தாமானில் வாழும் பெற்றோருக்கு அந்த இடம் எது என்பதுதான் சிக்கல்.

‘தாஸ்கா’ எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையங்கள் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அச்சட்டம் பேசுவது 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பற்றி மட்டுமே. அத்தகைய குழந்தைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து கட்டணத்திற்கு வந்தால், வீடாக இருந்தாலும் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். 11 வயதுப் பையன் அந்தக் கணக்கில் இல்லை. பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் பராமரிப்பு நிலையங்களுக்கு 1993-ஆம் ஆண்டில் வந்த வேறொரு சட்டம் இருக்கிறது. இரு வயதினரும் கலந்து, மொத்தம் நான்கு பேரைத் தொட்டுவிட்டால், எந்தச் சட்டம் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். மாவட்ட சமூக நல அலுவலகத்திற்கு நேரில் போய்க் கேட்பதே நல்லது.

தாஸ்காவில் ஒரு வயதுக்குக் குறைந்த 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை 5 பேருக்கு ஒருவர். ஊட்டிவிட்டு, பேம்பர்ஸ் மாற்ற வேண்டிய பெரிய பிள்ளையை எந்த எண்ணிக்கையில் சேர்ப்பது? என் கருத்தில், அவனைக் கைக்குழந்தையாகவே எண்ண வேண்டும். அவனுக்கு ஊட்டும் இருபது நிமிடமும் மற்றக் குழந்தைகளை யாரும் பார்ப்பதில்லை என்பதே உண்மை.

பிள்ளையை ஏற்கும் முன் தாயாரிடம் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எதற்குக் கோபம் வரும்? குக்கர் சத்தமா, குழந்தை அழுகையா? கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவானா? கண்டதை வாயில் போடுவானா? அப்படியானால், சின்னக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் அவனுக்கும் ஆபத்து. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையைப் படுக்க வைத்து ஊட்டக்கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். 30 கிலோ பிள்ளையைக் கட்டிலுக்குத் தூக்காமல் தரையில் மெத்தை விரித்து உடை மாற்றினால் உங்கள் இடுப்பும் தப்பிக்கும்.

வலிப்பு உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சிலர் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிள்ளையை எடுக்க மாட்டார்களோ என்ற பயம். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்க வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999.

பிள்ளை கத்தி ரகளை செய்யும்போது பெரியவனை இழுக்காதீர்கள். சின்னவர்களை அங்கிருந்து நகர்த்துங்கள். அது சுலபம், காயமும் வராது.

இன்னொன்றைப் பலர் பேசுவதில்லை. பெரிய பிள்ளைக்குச் சின்னவர்கள் முன்னிலையில் உடை மாற்றக்கூடாது. பேசத் தெரியாத பிள்ளைக்கும் வெட்கம் உண்டு. பெண் பிள்ளையானால் வயதுக்கு வரும் முன்பே அதைப் பற்றித் தாயாரும் பராமரிப்பவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

கட்டணம் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை. சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் உண்டு. படுத்த படுக்கையாக உள்ளவரைப் பராமரிக்கும் குடும்பத்திற்கு, வருமான நிபந்தனையுடன், சமூக நல இலாகா மாதம் 500 ரிங்கிட் தருகிறது. ‘பிடிகே’ என்ற சமூக மறுவாழ்வு மையங்களும் நாடு முழுவதும் உள்ளன. இவற்றுக்கு மாற்றுத் திறனாளி அட்டை தேவை. “பிள்ளைக்கு முத்திரை குத்துவது போல” என்று அட்டை எடுக்காத பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன்.

யாரும் ஏற்காதபோது, பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, தகுந்த கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். 20,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்த நிலைக்கு வந்தவர்கள் முதலில் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைத்து உதவி கேட்கலாம்.

கிள்ளான் அக்கா இப்போது மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார். நான் கிளம்பும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் பையன் படுத்திருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கம்பி இடைவெளியில் அவனுக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய் அதைத் துண்டாக உடைத்துக் கொடுத்தார். முழுதாகக் கொடுத்தால் அவன் மெல்ல மாட்டானாம்.