ஊக்கம் எங்கே பிறக்கிறது?

சினிமாவும் புது மோஸ்தரும் பட்டணத்து மோகமும் நமது இளைஞரைக் கெடுத்துவிட்டன என்ற முறையீடு நம் காதில் விழாத நாளில்லை. மேடைகளில் அதுவே பேச்சு. நமது காரியாலயத்துக்கு வரும் கடிதங்களிலும் பெரும்பாலும் அதுவே புலம்பல். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நாமும் இதே பக்கத்தில் அந்த முறையீட்டை ஒன்றிரண்டு முறை எழுதியிருக்கிறோம். எழுதிய கருத்தைத் திருத்திக்கொள்ளும்படி ஒரு சிறு சம்பவம் நேர்ந்தது. திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிடுவதே பத்திரிகை தர்மமாகும்.

சென்ற மாதம் செங்கற்பட்டு நீதிஸ்தலத்தில் ஒரு வழக்கை முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பும் வழியில் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினோம். பாடலாத்திரி நரசிம்மரைத் தரிசித்து நெடுநாளாயிற்று. அங்கே மூலஸ்தானம் குன்றைக் குடைந்து ஆக்கியதாதலால், பெருமாளை வலம் வர விரும்புகிறவர் குன்றையே வலம் வரவேண்டும். அர்ச்சகர் கற்பூர தீபத்தை உயர்த்தித் திருமண் காப்பைச் சற்றே விலக்கி, நெற்றிக்கண்ணைக் காட்டுவார். தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது, நமது கறுப்புக் கோட்டின் கையோரம் கிழிந்து தொங்குவதைக் கண்டு, அருகிலிருந்த ஒரு சிறு தையற்கடையில் நுழைந்தோம்.

தையற்காரர் நமது உத்தியோகத்தைக் கோட்டைக் கொண்டே அறிந்துகொண்டார். ஊசியில் நூலைக் கோத்தபடியே, "ஐயா, நீங்கள் படித்தவர்கள். என் மகளுக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லவேண்டும். கணக்குப் படிப்பில் சேர்த்தேன். விட்டுவிட்டாள். தினம் மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போகிறாள், சினிமாவைப் பார்க்கிறாள், போகிற வருகிற பேருடைய துணிமணியைப் பார்த்துப் படம் போடுகிறாள். இது சோறு போடுமா?" என்று கேட்டார். உள்ளே பித்தான் கட்டிக்கொண்டிருந்த பெண் தலை நிமிரவில்லை. புத்தி சொல்வதில் வக்கீலுக்கு என்ன பஞ்சம்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கப் போனோம். அதற்குள் அவள் தன் நோட்டுப் புத்தகத்தை நம் முன்னே வைத்துவிட்டாள்.

அது நாற்பது பக்கக் கணக்கு நோட்டு. ஒரு பக்கத்தில் ரயிற்பெட்டியின் கம்பியைப் பிடித்து நிற்கும் பூக்காரியின் முந்தானைச் செருகல். மற்றொன்றில் ஒரு சினிமா நடிகையின் ரவிக்கைக் கை. அதற்கு அடுத்த பக்கத்தில், கற்சிற்பத்தில் உள்ள பெண்ணொருத்தியின் இடுப்பு மடிப்பு. "இது மாமல்லபுரம், ஐயா. கிருஷ்ண மண்டபம்" என்றாள். பின்வந்த பக்கங்களில் இம்மூன்றும் கலந்து, இவற்றில் எதுவும் அல்லாத நான்காவதான ஓர் உடை உருவாகியிருந்தது. கணக்குக்கு இட்ட சிவப்புக் கோட்டுக்குள் அந்த உடை ஒழுங்காக நின்றது. நாம் சொல்லவிருந்த புத்தி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கிருஷ்ண மண்டபத்தை நாம் பலமுறை பார்த்ததுண்டு. பார்த்தோம் என்பதைவிட, வந்த விருந்தினருக்குக் காட்டினோம் என்பதே உண்மை. கோவர்த்தன கிரியைக் கண்ணன் தூக்கும் கதை அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அப்பாறையின் உயிர் கதையில் மட்டும் இல்லை. பால் கறக்கும் இடையன், கறக்கும்போதே கன்றை நக்கும் பசு, குழலூதுபவன், தலையிற் சுமையுடன் நிற்கும் பெண் ஆகிய இவர்களெல்லாம் ஏழாம் நூற்றாண்டில் அந்தக் கரையில் நடமாடிய சாமானிய ஜனங்கள் அன்றோ? அருகிலுள்ள பெரும்பாறையில் கங்கை இறங்கும் காட்சியோ அர்ச்சுனன் தவமோ என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சிற்பியோ அந்தப் பெருந்தவத்தின் நடுவிலேயே, முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பொய்ப் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்த எலிகளையும், பின்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானையும் வைத்துவிட்டான். தெருவில் கேட்டுச் சிரித்த கதையையும் காட்டில் கண்ட மிருகத்தையும் அரசனுடைய பாறையில் ஏற்ற அவன் கூசவில்லை. பல்லவர் காலத்துச் சிற்பி செய்ததை அருந்திறன் என்று போற்றும் நாம், அதையே தையற்காரர் மகள் செய்தால் பொழுதுபோக்கு என்று ஏசுவது எந்த நியாயத்தில் அடங்கும்?

இக்காலத்து உதாரணத்துக்கும் அதே கடற்கரையை விட்டு அகலவேண்டியதில்லை. 1850-ம் வருஷத்தில் தோன்றி, இன்று சென்னைப் பெரியமேட்டில் உள்ள சித்திரக் கலாசாலையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை தலைவராக இருந்தார். மெரீனாவில் இன்றும் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்தது. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரும் தேவரல்லர், அரசரல்லர். பட்டணத்தில் நாம் தினம் கடந்து செல்லும் கூலியாட்கள். அவருக்குப் பின் தலைமை ஏற்ற கே. ஸி. எஸ். பணிக்கர், 1963-ம் வருஷத்தையொட்டித் தம் சித்திர முறையையே மாற்றிக்கொண்டார். சொற்களும் குறிகளும் என்று பெயர் பெற்ற அந்த வரிசையில் ஜாதகக் கட்டங்களும், படிக்க முடியாத எழுத்துக்களும், எண்களும் திரையெங்கும் நிறைந்திருக்கும். அவற்றுக்குத் தூண்டுகோல் ஒரு மாணவனுடைய கணக்கு நோட்டு என்று சொல்வார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர், பெயர் பெற்ற ஓவியர், ஒரு சிறுவனின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டு தம் கையை மாற்றிக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோயிலில் நாம் கண்டதும் ஒரு கணக்கு நோட்டே என்பதை எண்ணியபோது, ஏளனமாகப் பேசத் தொடங்காமற் போனதற்குப் பெருமாளுக்கு நன்றி செலுத்தினோம்.

தையற்காரர் கேட்ட கேள்வி இருக்கிறதே, சோறு போடுமா என்பது, அதை அற்பமென்று தள்ளுவோர் பசியறியாதவர். பணிக்கரின் மாணாக்கர்களும் அதே கேள்வியையே எதிர்நோக்கி நின்றார்கள். கலாசாலையை விட்டு வெளிவந்ததும் சித்திரத்தை வாங்குவாரில்லை. ஏதேனும் ஒரு குமாஸ்தா வேலையில் அமர்ந்து தூரிகையை மறப்பதே வழக்கமாயிற்று. அவர்கள் கண்ட விடை துணியாகும். மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடம் சாயத்தை ஏற்காது. பின் மெழுகை நீக்க, கோலம் வெளிப்படும். இளநிறத்தில் தொடங்கிக் கருநிறம் வரை படிப்படியாகத் தோய்க்கவேண்டும். மெழுகு வெடித்த இடத்தில் நூலிழை போன்ற கீற்றுக்கள் விழும். பாதிக் எனப்படும் இத்தொழில் ஜாவாத் தீவில் சிறந்தது. 1927-ல் ஜாவா சென்றுவந்த கவி ரவீந்திரரின் சாந்திநிகேதனத்திலும் இது பயிலப்பட்டது. சென்னை ஓவியர்கள் இதைக் கைக்கொண்டு, சேலைக்கும் சட்டைக்கும் திரைச்சீலைக்கும் துணி தீட்டி விற்றார்கள். அவ்வாறு சேர்ந்த பொருளைக் கொண்டு, அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் மணற்காடு வாங்கி, 1966-ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். சர்க்கார் மானியத்தையோ பிரபுவின் தயவையோ எதிர்பாராமல், கைத்தொழிலின் வருமானத்தில் கலையை வளர்த்த அந்தக் காரியம் சுதேசியமன்றி வேறென்ன? பட்டணத்து நாகரிகப் பெண்மணிகள் விரும்பி உடுத்த துணியே ஓவியரின் கூரையாயிற்று. மோஸ்தர் கலையைக் கெடுக்கும் என்பாருக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

அந்தக் கலாசாலையிலிருந்தும் கிராமத்திலிருந்தும் வந்தவர்களில் இருவரை மட்டும் குறிப்பிடுவோம். கே. ராமானுஜம், வாழ்வில் சுகம் காணாத ஓவியர். தொப்பியணிந்த தம் உருவத்தையே விசித்திர மாளிகைகளுக்கும் பறக்கும் பிராணிகளுக்கும் இடையே மீண்டும் மீண்டும் வரைந்தார். ஒரு சாதாரணத் தொப்பி அவருக்குக் கிரீடமாயிற்று. 1973-ல் இளமையிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊக்கம் ஒன்றே மனிதனைக் காப்பாற்றிவிடாது. அதற்குச் சுற்றத்தின் அரவணைப்பும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சாட்சி. மற்றவர் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கே. எம். ஆதிமூலம். மகாத்மாவின் நூற்றாண்டான 1969-ல் காந்தியடிகளின் கோட்டுச் சித்திரங்கள் நூறு வரைந்தவர், வாரப் பத்திரிகைக் கதைகளுக்கும் அதே கையால் படம் போட்டார். கண்காட்சியில் கால் வைத்திராத ஜனங்கள் டீக்கடைப் பெஞ்சியில் அவருடைய கோட்டைக் கண்டு ரசித்தார்கள்.

உடையும் ஒரு விஷயமா என்று கேட்கும் பெரியோரும் உண்டு. சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் ரயிலில், கதர் வாங்க எங்களிடம் காசில்லை என்று ஏழைகள் சொல்லக் கேட்டு, 1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் முழ வேஷ்டிக்கு மாறியவர் யார்? உலகமே அறிந்த அந்த உடை எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் எடுக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பு வண்டியிலும் தமிழ்நாட்டு வயலிலும் கண்ட உடை அது. ரயிலில் சக பிரயாணிகளின் உடையைக் கவனிப்பது வீண்வேலை என்று இனி எவரும் நம்மிடம் சொல்லவேண்டாம்.

ஆயினும், கண்டதையெல்லாம் ஊக்கமென்று ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. நடிகர் அணிந்த சட்டையைக் கடன்பட்டு வாங்குவது ஊக்கமன்று. அது வியாபாரியின் வெற்றி. பிறர் வரைந்ததை அப்படியே பெயர்த்தெழுதித் தன் பெயரை இடுவது களவு. கண்டதை உள்ளத்தில் ஊறவைத்து, தன் ஊர், தன் தேவை, தன் கைப்பழக்கம் ஆகியவற்றோடு கலந்து வேறொன்றாக்குவதே ஊக்கம். நமது சட்டமும் ஏறக்குறைய இதே வித்தியாசத்தைத்தான் காண்கிறது. ஒரு நாடகத்தின் கருத்தைத் தழுவி சினிமா எடுத்ததாக ஆர். ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு, கருத்து எவருக்கும் தனிச்சொத்தன்று, அதை வெளியிட்ட உருவமே பதிப்புரிமைக்கு உரியது என்று தீர்ப்பளித்தது.

உடை தைப்போர் அறியவேண்டிய மற்றொரு விதியும் உண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதைக் கொண்டு தொழில் முறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் செய்துவிட்டால், அவ்வடிவத்தில் பதிப்புரிமை அற்றுப்போகும். 2000-ம் வருஷத்து வடிவச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டால் பத்து வருஷமும், புதுப்பித்தால் மேலும் ஐந்து வருஷமும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வடிவம் புதியதாக இருக்கவேண்டும். கடைவாயிலில் தொங்கவிடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பம் செய்யவேண்டும். சிற்றூர்க் கைவினையாளர் பலர் இதை அறியாமல் தம் மூளையின் பலனைப் பெரிய கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டணம் கிராமத்துக்கு ஊக்கம் தருகிறது என்றால், கிராமத்தின் ஊக்கத்தைப் பட்டணம் விலை கொடாமல் கொண்டுபோகக் கூடாது.

இவ்வளவையும் தையற்காரரிடம் சொன்னோமென்று நேயர்கள் எண்ணவேண்டாம். அவருக்குச் சொன்னது சில வார்த்தைகளே. "பெரியமேட்டுக் கலாசாலையில் துணிச் சித்திரமும் ஒரு பாடம். உங்கள் மகள் அதற்கு மனுப் போடட்டும். விடுமுறை நாட்களில் இந்த மெஷினையும் விடவேண்டாம். சித்திரம் ஒரு கையில், தையல் ஒரு கையில் இருந்தால் சோற்றுக்குப் பயமில்லை. சோழமண்டலத்தார் அப்படித்தான் பிழைத்தார்கள்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கூலி வேண்டாம், ஐயா" என்று கோட்டை நீட்டினார். நாம் கூலியைக் கொடுத்துவிட்டே வந்தோம். கைத்தொழிலுக்குக் கூலி உண்டென்று அத்தனை நேரம் பேசிவிட்டு, கொடாமல் வருவது அழகாகாது. மனு போட்டாளா, இடம் கிடைத்ததா என்பதை நாம் இன்னும் விசாரிக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்குச் செங்கற்பட்டுக்குப் போகும்போது அவசியம் இறங்கி விசாரிப்போம்.

செங்கற்பட்டு ஜில்லாவின் பள்ளித் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். வருஷந்தோறும் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்லுகிறீர்கள். வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துத் திரும்பிவிடாதீர்கள். ஆளுக்கொரு பென்சிலும் ஒரு தாளும் கொடுத்து, பால் கறக்கும் அந்த இடையனுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். திரும்பும் வழியில், சாலையிலும் ரயிலடியிலும் காணும் மனிதரை வரையச் சொல்லுங்கள். நூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் நோட்டில் நான்காவது உடை ஒன்று தோன்றினாலும், அந்தப் பிரயாணச் செலவு வீணாகாது.